குளோஸ் முடியும்வரை எழுதி முடியவில்லை

மெயின்ஃபிரேம் அசெம்பிளர் நிரல்களைப் பரிசீலனைக்கு எடுக்கும்போது நான் முதலில் தேடுவது, திறந்த கோப்பை மூடும் குளோஸ் மாக்ரோவைத்தான். கோப்பைத் திறக்கும் ஓப்பன் பெரும்பாலும் கவனமாகவே எழுதப்பட்டிருக்கும்; வேலை எப்படி முடிந்தது என்ற எண் வந்து சேரும் ரெஜிஸ்டர் 15 சோதிக்கப்பட்டிருக்கும், கோப்பின் விவரங்களைத் தாங்கும் டிசிபி என்ற கட்டுப்பாட்டுத் தொகுதியில் உள்ள கொடி பைட் சோதிக்கப்பட்டிருக்கும், திறக்க முடியாவிட்டால் ஒரு செய்தியும் வெளியே போகும். அதே நிரலின் கடைசிப் பக்கத்துக்குப் போனால் குளோஸ் ஒற்றை வரியாக நிற்கும். அடுத்த வரியிலேயே ரெஜிஸ்டர் 15 பூஜ்யமாக்கப்பட்டு, அழைத்தவருக்குக் கட்டுப்பாடு திரும்பிவிடும். அந்த குளோஸ் ஒழுங்காக முடிந்ததா என்பது அந்த நிரலுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்கு இருந்த வாய்ப்பையும் அதுவே அழித்துவிட்டது.

படிப்பதற்காக மட்டும் திறந்த டேட்டா செட்டில் (மெயின்ஃபிரேமில் கோப்புக்கு அதுதான் பெயர்) இப்படிச் செய்வதால் பெரிய சேதம் நேர்வது அரிது. எழுதுவதற்காகத் திறந்த டேட்டா செட்டில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே குளோஸும் எழுதும் வேலையின் ஒரு பகுதிதான், அதிலும் கடைசிப் பகுதி. அது முடிந்து, சரியாக முடிந்தது என்று உறுதியாகும்வரை ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லும் உரிமை நிரலுக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ரெக்கார்டுகளை இயங்குதளமே பிளாக்குகளாகச் சேர்த்து எழுதும் கியூசாம் முறையில் ஒரு புட் மாக்ரோ உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்தால் இது புரியும். புட் ஒரு ரெக்கார்டை நினைவகத்தில் உள்ள பஃபரில் வைக்கிறது, அவ்வளவுதான். பிளாக் நிரம்பினால்தான் அந்த பஃபர் டிஸ்க்குக்கோ டேப்புக்கோ போவதற்கு ஏற்பாடு ஆகும். 80 பைட் ரெக்கார்டுகளை 27,920 பைட் பிளாக்குகளில் வைக்கும் வழக்கமான ஏற்பாட்டில் ஒரு பிளாக்குக்கு 349 ரெக்கார்டுகள் பிடிக்கும். ஆகவே 200 ரெக்கார்டுகளை மட்டும் எழுதும் ஒரு நிரலில் எல்லா புட்டுகளும் வெற்றிகரமாக முடிந்த பிறகும் டிஸ்க்கில் ஒரு பைட் கூட எழுதப்பட்டிருக்காது. அந்த 200 ரெக்கார்டுகளும் முதன்முதலாக நினைவகத்தை விட்டு வெளியேறுவது குளோஸுக்குள் இருக்கும்போதுதான். இடம் போதாமல் வரும் பி37, டி37, இ37 ஆகிய அபெண்டுகள் (நிரல் பாதியில் நிறுத்தப்படும் பிழைகள்) குளோஸின் நடுவில் வருவதற்கும் இதுவே காரணம். அந்த நேரத்து நினைவகத்தின் நகலான டம்ப்பைப் பார்ப்பவர், கடைசியாக ஓடியது எஸ்விசி 20, அதாவது குளோஸ், என்று கண்டு, ‘மூடும்போது எதற்கு இடம் கேட்கிறது?’ என்று குழம்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூடுவதற்கு இடம் தேவையில்லை. மூடும்போது எழுதப்படும் கடைசி பிளாக்குக்குத்தான் இடம் தேவை.

லொகேட் முறையில் புட் பயன்படுத்துபவர்கள் இன்னும் ஒரு படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்த முறையில் புட் முடிந்ததும் ரெஜிஸ்டர் 1 பஃபரில் ஓர் இடத்தைக் காட்டும். அதற்குப் பிறகுதான் நாம் ரெக்கார்டை அங்கே நகர்த்துகிறோம். அப்படி நகர்த்திய ரெக்கார்டு கணக்கில் சேர்வது அடுத்த புட்டிலோ குளோஸிலோதான். எனவே, எழுத ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே இடத்தைக் கேட்டு வாங்கிவிடும் வகையில் சுழற்சியை அமைத்தால், கடைசியாகக் கேட்டு வாங்கி நிரப்பாமல் விட்ட இடமும் ஒரு ரெக்கார்டாகவே குளோஸில் எழுதப்படும். வெளியீட்டின் இறுதியில் ஒரே ஒரு குப்பை ரெக்கார்டு தொங்கிக்கொண்டிருந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

பஃபரைக் கொட்டி முடித்த பிறகும் குளோஸின் வேலை ஓயவில்லை. டிஸ்க்கில், கடைசி பிளாக்குக்குப் பின்னால் தரவு நீளம் பூஜ்யமாக உள்ள ஒரு ரெக்கார்டை எழுதுகிறது. கோப்பின் முடிவு என்று பின்னால் படிக்கும் நிரல்கள் அடையாளம் காண்பது அதைத்தான். பிறகு டிஸ்க்கின் உள்ளடக்கப் பட்டியலான விடாக்கில், அந்த டேட்டா செட்டுக்குரிய ஃபார்மட் 1 டிஎஸ்சிபி என்ற பதிவில், கடைசி பிளாக் எந்த டிராக்கில் எத்தனையாவதாக இருக்கிறது என்பதைப் பதிகிறது. வேலையை விவரிக்கும் கட்டளை மொழியான ஜேசிஎல்லில் ஆர்எல்எஸ்இ கேட்டிருந்தால் மிச்ச இடத்தையும் விடுவிக்கிறது. நிலையான லேபிள் கொண்ட டேப்பாக இருந்தால் தரவுக்குப் பின் ஒரு டேப் மார்க், அதன்பின் இஓஎஃப்1, இஓஎஃப்2 லேபிள்கள், அவற்றுக்குப் பின் இரண்டு டேப் மார்க்குகள் எழுதப்படும். எத்தனை பிளாக் எழுதினோம் என்ற எண்ணிக்கை இஓஎஃப்1 லேபிளில்தான் பதிவாகிறது. டேப் டிரைவ்களுக்குள்ளேயே ஒரு பஃபர் இருப்பதையும் மறக்கக் கூடாது: சானல் ‘எழுதியாயிற்று’ என்று சொன்ன தரவு இன்னும் டிரைவின் நினைவகத்திலேயே இருக்கலாம், டேப் மார்க் எழுதப்படும்போதுதான் அது நாடாவில் இறங்கியது என்று நம்பலாம்.

முடிவுக் குறியைப் பற்றிப் பேசும்போது, பலரும் கவனிக்காத ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எழுத ஒன்றும் இல்லாத நாளில் வெளியீட்டு டேட்டா செட்டைத் திறக்காமலே விட்டுவிடும் நிரல்கள் உண்டு. வீண் வேலை எதற்கு என்ற எண்ணம். சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் எஸ்எம்எஸ் அமைப்பின் மேலாண்மையில் இல்லாத வட்டுத் தொகுதியில் புதிதாக ஒதுக்கப்பட்ட டேட்டா செட்டில், இயங்குதளத்தின் பழைய பதிப்புகளில் முடிவுக் குறியைத் தானாக யாரும் எழுதி வைத்ததில்லை. அப்படிப்பட்ட இடத்தில் அடுத்த ஸ்டெப் (அதே வேலையில் அடுத்து ஓடும் நிரல்) அதைத் திறந்தால், அந்த டிராக்குகளில் முன்பு குடியிருந்த வேறொரு டேட்டா செட்டின் எச்சத்தை வாசிக்கக்கூடும். ஒரு ரெக்கார்டு கூட எழுதாவிட்டாலும் வெளியீட்டுக்காகத் திறந்து உடனே மூடினால், முடிவுக் குறி முதல் இடத்தில் விழுந்து டேட்டா செட் முறையாகக் காலியாக இருக்கும். அந்த இரண்டு மாக்ரோக்களைத் தவிர்ப்பதில் மிச்சமாகும் நேரத்துக்கு மதிப்பே இல்லை என்பேன்.

இனி, மாக்ரோவை எழுதும் விதம். ஓப்பன், குளோஸ் இரண்டிலும் டிசிபி முகவரியும் விருப்பமும் மாறி மாறி வரும். எனவே இரண்டு டேட்டா செட்டுகளை ஒரே குளோஸில் மூடும்போது நடுவில் இரண்டு காற்புள்ளிகள் வேண்டும்: குளோஸ் (இன்டிடி,,அவுட்டிடி). ஒரு காற்புள்ளி விடுபட்டால் இரண்டாவது பெயர் ஒரு விருப்பச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளப்படும். அசெம்பிளர் பிழை காட்டிவிடும் என்பதால் இதில் ஆபத்து குறைவு. ஆபத்தானது ரெஜிஸ்டர் வழியாக முகவரியைத் தருவது. டிசிபியின் முகவரி ரெஜிஸ்டர் 2இல் இருந்தால் இரட்டை அடைப்புக்குறி தேவை: குளோஸ் ((ஆர்2)). ஒற்றை அடைப்புக்குறி போட்டால், ஆர்2 என்பது 2 என்ற மதிப்புள்ள ஒரு குறியீடாகவே படிக்கப்பட்டு, முகவரிப் பட்டியலில் 2 என்ற எண் அச்சாகிவிடும். அசெம்பிளர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அதை ஏற்றுக்கொள்ளும். உங்கள் டிசிபி திறந்தபடியே இருக்க, நினைவகத்தின் முகவரி 2ஐ மூடச் சொல்லி இயங்குதளத்திடம் கேட்டிருப்பீர்கள். மாக்ரோ விரிவாக்கத்தை அச்சிட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இது ஒரே பார்வையில் பிடிபடும்; பிரின்ட் நோஜென் போட்டு விரிவாக்கத்தை மறைத்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. ஒரே பிரதியைப் பல அழைப்புகள் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடிய ரீஎன்ட்ரன்ட் நிரல்களில் பட்டியல் வடிவமும் செயல் வடிவமும் தனித்தனியே எழுதப்படும். அப்போது இரண்டிலும், முகவரியின் பிட் நீளத்தைக் குறிக்கும் மோட் ஒன்றாக இருக்க வேண்டும். மோட் 24 பட்டியலில் ஒரு டேட்டா செட்டுக்கு 4 பைட், மோட் 31 பட்டியலில் 8 பைட். ஒன்றை ஒரு வடிவத்திலும் மற்றதை வேறு வடிவத்திலும் எழுதினால் பட்டியல் தாறுமாறாகப் படிக்கப்படும்.

குளோஸ் திரும்பியதும் ரெஜிஸ்டர் 15இல் 0 இருந்தால் எல்லாம் மூடப்பட்டன. 4 இருந்தால் குறைந்தது ஒன்றாவது சரியாக மூடப்படவில்லை. ‘குறைந்தது ஒன்று’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஐந்து டேட்டா செட்டுகளை ஒரே குளோஸில் மூடினால் இயங்குதளத்துக்கு வேலை குறையும் என்பது உண்மைதான். ஆனால் 4 வந்தால் ஐந்தில் எது என்று அந்த எண் சொல்லாது. படிக்கும் டேட்டா செட்டுகளைச் சேர்த்து மூடுங்கள், எழுதும் டேட்டா செட்டுகளை ஒவ்வொன்றாக மூடுங்கள் என்பதே நான் பின்பற்றும் வழி. அந்த எண்ணை உடனே பத்திரப்படுத்துவதும் முக்கியம். அடுத்து வரும் எந்த மாக்ரோவும் ரெஜிஸ்டர் 15ஐ அழித்துவிடும். அது பூஜ்யமாக இல்லாவிட்டால், நிரல் பூஜ்யத்துடன் திரும்பக் கூடாது. இரவு முழுக்க ஓடும் பேட்ச் வேலையில் அடுத்த ஸ்டெப் ஓடலாமா கூடாதா என்பதை, நிரல் திருப்பித் தரும் இந்த எண்ணான கண்டிஷன் கோடு மட்டுமே தீர்மானிக்கிறது. அங்கே பொய்யான பூஜ்யம் போனால், குறைபட்ட டேட்டா செட் முழுமையானது என்ற பெயரில் டேட்டா செட்டுகளின் பதிவேடான கேட்டலாக்கில் ஏறி, அடுத்த பத்து வேலைகளுக்கும் தீனியாகிவிடும்.

டிசிபி திறந்திருக்கிறதா என்று அறிய, டிசிபிஓஎஃப்எல்ஜிஎஸ் என்ற பைட்டில் ஹெக்ஸ் 10 பிட்டைச் சோதிப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பொதுவான சுத்தப்படுத்தும் ரொட்டீன் ஒன்றை எழுதி, எந்தக் கட்டத்தில் பிழை வந்தாலும் அங்கே போகச் செய்பவர்கள், அந்தச் சோதனையைச் செய்துவிட்டுத் திறந்திருப்பதை மட்டும் மூடுவது நல்லது. இன்னொரு நுணுக்கமும் உண்டு: ஓப்பன், ஜேசிஎல்லிலிருந்தும் லேபிளிலிருந்தும் ரெக்கார்டு நீளம், பிளாக் அளவு போன்றவற்றை எடுத்து டிசிபியில் நிரப்புகிறது, குளோஸ் அவற்றை ஓப்பனுக்கு முன்பிருந்த நிலைக்குத் திருப்பிவிடுகிறது. அறிக்கையில் பிளாக் அளவை அச்சிட வேண்டுமானால் மூடுவதற்கு முன்பே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு பார்த்தால் பூஜ்யம்தான் கிடைக்கும்.

அடுத்தது வரிசை. முதலில் குளோஸ், அதன்பின் பஃபர்களை விடுவிக்கும் ஃப்ரீபூல், எல்லாவற்றுக்கும் கடைசியில் டிசிபி இருக்கும் நினைவகத்தை விடுவிப்பது. இந்த வரிசை மாறவே கூடாது. ஓப்பன் தானாகப் பெற்ற பஃபர் பூலை, 16 மெகாபைட் கோட்டுக்குக் கீழே இருக்கும் பட்சத்தில், குளோஸ் விடுவிப்பதில்லை. டிசிபியின் நீட்சியான டிசிபிஇயில் பஃபர்களைக் கோட்டுக்கு மேலே வைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் குளோஸே அவற்றைத் திருப்பித் தந்துவிடும். ஒரே டிசிபியைக் கொண்டு நாள் முழுவதும் பல டேட்டா செட்டுகளைத் திறந்து மூடும் நிரலில் ஃப்ரீபூலை மறந்தால், சிறிய பிளாக்குக்காகப் பெற்ற பழைய பூல் பெரிய பிளாக்குள்ள அடுத்த டேட்டா செட்டுக்கும் வந்து நிற்கும். மாறாக, எழுதும் டேட்டா செட்டில் குளோஸுக்கு முன்பே ஃப்ரீபூல் கொடுத்தால், இன்னும் எழுதப்படாத ரெக்கார்டுகள் இருக்கும் நினைவகத்தையே நாம் கைவிட்டுவிடுகிறோம்.

டிசிபியை ஸ்டோரேஜ் மாக்ரோவால் பெற்ற இடத்தில் அமைத்துவிட்டு, மூடாமலே அந்த இடத்தை விடுவிப்பது இதைவிட மோசம். டிசிபி அடங்கிய லோட் மாட்யூல் டெலீட் ஆவதும் இதே கதைதான்: லிங்க் வழியாக அழைக்கப்பட்ட துணை நிரல் தன் டிசிபியை மூடாமல் திரும்பினால், அந்த மாட்யூல் இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துவிடலாம். டாஸ்க் முடியும்போது, திறந்து கிடக்கும் டேட்டா செட்டுகளை இயங்குதளம் தானே மூட முயல்கிறது. டிசிபி இருந்த இடத்தில் டிசிபி இல்லை என்று கண்டால் சி03 அபெண்ட் வரும். தவறு எங்கோ நடக்க, அபெண்ட் எல்லாம் முடிந்த பிறகு வருகிறது என்பதால், இதைக் கண்டுபிடிப்பது சிரமமான வேலை. எந்த டாஸ்க் திறந்ததோ அதே டாஸ்க்தான் மூட வேண்டும் என்பதும் பல டாஸ்க் நிரல்களில் அடிக்கடி மறக்கப்படும் விதி.

‘டாஸ்க் முடிவில் இயங்குதளமே மூடிவிடுமே, நான் ஏன் மூட வேண்டும்?’ என்ற கேள்வி எப்போதும் வரும். சாதாரணமாக முடிந்தால் பெரும்பாலும் அது மூடிவிடும்தான். ஆனால் அந்த நேரத்தில் வரும் பிழையைக் கேட்க உங்கள் நிரல் உயிரோடு இருக்காது. எண்ணிக்கை சரிபார்ப்பு அறிக்கையை எல்லாம் அச்சிட்டுவிட்டு அது ஏற்கெனவே போய்விட்டது. அபெண்டில் முடிந்தாலோ, பஃபரில் இருந்தவை டிஸ்க்குக்குப் போய்ச் சேரும் என்று நம்பி எதையும் கட்டமைக்கக் கூடாது.

பிளாக்குகளைத் தாங்களே கையாண்டு பீசாம் முறையில் எழுதுபவர்களுக்கு ஒரு சொல்: ஒவ்வொரு ரைட்டுக்கும், அது முடிந்ததா என்று பார்க்கும் செக் கொடுத்து முடித்த பிறகே குளோஸுக்கு வர வேண்டும். செக் கொடுக்காத ரைட் தோற்றால் அந்தத் தோல்வியை உங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. நீண்ட நேரம் ஓடும் பதிவு நிரல்களுக்கு டைப்=டி என்ற தற்காலிக குளோஸ் இந்த முறையில் கைகொடுக்கும்; முடிவுக் குறியையும் லேபிளையும் அது புதுப்பிக்கும், டிசிபி திறந்தபடியே இருக்கும்.

விசாம் என்ற இன்னொரு கோப்பு முறையில், சரியாக மூடாததன் தடயம் கேட்டலாக்கிலேயே தங்கிவிடுகிறது. எழுதுவதற்காகத் திறந்ததும் அதற்கான குறி ஏறுகிறது, குளோஸில் இறங்குகிறது. எவ்வளவு தூரம் எழுதப்பட்டது என்ற உயர்ந்தபட்ச ஆர்பிஏயும் (கோப்புக்குள் பைட்டின் முகவரி) குளோஸில்தான் கேட்டலாக்கில் புதுப்பிக்கப்படுகிறது. மூடாமல் விட்ட கிளஸ்டரை, அதாவது விசாம் டேட்டா செட்டை, அடுத்து திறப்பவருக்கு ரெஜிஸ்டர் 15இல் 4, டிசிபிக்கு இணையான ஏசிபியின் பிழைக் குறியீட்டில் 118. அதாவது, முன்பு ஒழுங்காக மூடப்படவில்லை, ஆனால் உள்ளுக்குள் நடந்த வெரிஃபை என்ற சரிபார்ப்பு வெற்றி பெற்றது. கோபால் (COBOL) மொழி நிரலர்கள் 97 என்ற ஃபைல் ஸ்டேட்டஸாகப் பார்ப்பது இதையே. இதை எச்சரிக்கைதானே என்று கடந்துபோகும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. எந்த நிரல் மூடாமல் போனது என்று தேடிப்போக வேண்டிய நேரம் அது.

ஜேசிஎல் பக்கம் ஒரே ஒரு விஷயம். டேட்டா செட்டைக் குறிப்பிடும் டிடி வரியில் ஃப்ரீ=குளோஸ் இருந்தால், குளோஸ் முடிந்த அந்தக் கணமே டேட்டா செட் விடுவிக்கப்பட்டு, டேட்டா செட்டை வைப்பதா அழிப்பதா என்று சொல்லும் டிஸ்ப்பில் உள்ள சாதாரண முடிவுக்கான ஏற்பாடு நடந்துவிடும். அதன்பின் அதே ஸ்டெப் அபெண்ட் ஆனாலும், அசாதாரண முடிவுக்கு டெலீட் என்று எழுதியிருந்தது செயல்படாது. அதே டிடியை மீண்டும் திறக்கவும் முடியாது. நடுவில் மூடித் திறக்கும் நிரலுக்கு ஃப்ரீ=குளோஸ் வைத்த ஜேசிஎல்லைக் கொடுத்தால் இரண்டாவது ஓப்பன் தோற்பதற்குக் காரணம் இதுதான்.

குளோஸ் தோற்கும் பாதையை யாரும் சோதிப்பதில்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம். அதைச் சோதிப்பது மிக எளிது. 3390 டிஸ்க்கில் ஒரே ஒரு டிராக், இரண்டாம் நிலை இடம் பூஜ்யம் என்று ஒதுக்கி, மேலே சொன்ன 80 பைட், 27,920 பைட் ஏற்பாட்டில் 700 ரெக்கார்டுகளை எழுதச் செய்யுங்கள். ஒரு டிராக்குக்கு இரண்டு பிளாக், அதாவது 698 ரெக்கார்டுகள் பிடிக்கும். மிச்சமுள்ள இரண்டு ரெக்கார்டுகள் பஃபரில் நிற்க, எல்லா புட்டுகளும் முடிந்து, டி37 குளோஸில் வந்து விழும். அந்த நேரத்தில் உங்கள் நிரல் ‘700 எழுதப்பட்டன’ என்ற வரியை ஏற்கெனவே அச்சிட்டுவிட்டதா, எக்சிட் பட்டியலில் ஹெக்ஸ் 11 என்ற குறியுடன், அபெண்டின்போது அழைக்கப்படும் டிசிபி அபெண்ட் எக்சிட் வைத்திருந்தால் அதற்குக் கட்டுப்பாடு வருகிறதா, மீட்பு ரொட்டீன் அதே டிசிபியை மறுபடியும் மூட முயல்கிறதா என்று பாருங்கள். பார்ட்டிஷன்டு டேட்டா செட்டில் உறுப்பினர்களை எழுதும் நிரலாக இருந்தால், ஒரே ஒரு டைரக்டரி பிளாக்குடன் ஒதுக்கி அது நிரம்பும்வரை புதிய பெயர்களில் எழுதிக்கொண்டே போங்கள். டைரக்டரியில் பெயரைச் சேர்ப்பது குளோஸின் வேலை என்பதால், தரவு முழுவதும் எழுதப்பட்ட பிறகு பி14 அபெண்ட் அங்கேதான் வரும்.